நதியாவின் பெயரில் ஒரு துறை

பெர்த்
14 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜெபகுமார் எழுதுவது. நானும் அகிலாவும் பையன்களும் சுகமாயிருக்கிறோம். குளிர்தான் விட்டபாடில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவின் சர்க்கரை?

நீ போனை எடுப்பதில்லை. மாமாவிடம் கேட்டேன். "அந்த போன் வந்த நாள்ல இருந்து மணி அடிச்சாலே எழுந்து தோட்டத்துக்குப் போயிடுறாபா" என்றார். அதனால் எழுதுகிறேன். வாலாஜாபாத் போஸ்ட் ஆபீசில் இத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்தவளுக்குக் கடிதம்தான் சரி.

விஷயம் இதுதான். நானும் என் கம்பெனிப் பங்காளிகள் இருவரும் ஓர் அறக்கட்டளை தொடங்கியிருக்கிறோம். தென்னேரிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் பல்கலைக்கழகத்தில் நீரியல் துறை ஒன்றை ஆரம்பிக்கப் பேசி முடித்தாயிற்று. முதலில் எம்.எஸ்ஸி., அது நிலைத்தபின் பிஎச்.டி. கட்டடம், ஆய்வுக்கூடம், முதல் சில வருஷங்களுக்கு ஆசிரியர் சம்பளம் எல்லாம் எங்கள் பொறுப்பு. பெயர், நதியா நீரியல் மையம்.

நம் பெண் ஏரித் தண்ணீரைப் படிக்க ஆசைப்பட்டாள். அந்தப் படிப்பு இங்கே இல்லை என்று வடக்கே அத்தனை தூரம் போனாள். இங்கேயே இருந்திருந்தால் சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்திருப்பாள். இதை நினைக்காத நாள் எனக்கு இல்லை அக்கா.

பெற்றவர்களின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்கிறார்கள். அவளுடைய நல்ல போட்டோ ஒன்றும் அனுப்பு. நோட்டீசில் போடுவதற்கு நான் எழுதிய வரிகளை இத்துடன் வைத்திருக்கிறேன்: 'நீரியல் ஆய்வாளராகும் கனவோடு வடநாடு சென்று, காய்ச்சலில் மறைந்த செல்வி நதியா கிறிஸ்டோபர் நினைவாக.' பார்த்துச் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
குமார்


காஞ்சிபுரம்
30 அக்டோபர் 2023

தம்பி குமாருக்கு,

உன் கடிதம் ஆகஸ்ட் முடியுமுன்பே வந்துவிட்டது. பதில் எழுதத்தான் நாளாயிற்று. மாமாவின் சர்க்கரை அப்படியே இருக்கிறது. பஸ் டிப்போவில் பழைய டிரைவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்கும்வரை அப்படியேதான் இருக்கும். எனக்கு ஒன்றுமில்லை. அகிலாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

நீ நினைப்பது நல்ல காரியம். மறுக்கவில்லை. பெயர் மட்டும் வேண்டாமே. கட்டடத்தின் மேல் எழுதினால் போகிறவர் வருகிறவரெல்லாம் அவளைக் கூப்பிடுவார்கள். 'நதியாவுல கரண்ட் இல்ல, நதியாவுக்குப் பெயின்ட் அடிக்கணும்' என்பார்கள். இந்த வீட்டில் நாங்கள் இருவருமே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை.

போட்டோ அனுப்பவில்லை. இருக்கிற எல்லாவற்றிலும் சிரிக்கிறாள். சிரிக்கிற முகத்தை அங்கே மாட்ட எனக்கு மனசில்லை. சிரிக்காத முகம் அவளுடையது இல்லை.

நோட்டீசில் காய்ச்சல் என்று போட்டிருக்கிறாய். அந்த வார்த்தையை எடுத்துவிடு. பதிலுக்கு ஒன்றும் போட வேண்டாம். சும்மா விட்டுவிடு.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா
கலையரசி


பெர்த்
20 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே தெம்பாக இருந்தது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பெரியவனுக்குப் பரீட்சை.

பாடத்திட்டத்தைக் குழுவில் வைத்து ஒப்புதல் வாங்கியாயிற்று. பேராசிரியர் அப்பாதுரை என்பவரைத் துறைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏரிப்பாசனச் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் அவருக்குப் பழக்கம். வேலை ஓடும்.

பெயர் விஷயத்தில் என்னை மன்னித்துக்கொள். பெயர் இருப்பதால்தான் என் பங்காளிகள் இதில் வந்தார்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கு இது எங்கோ ஓர் ஊரில் ஒரு கட்டடம். அதைவிட, நாமே அவள் பெயரைச் சொல்லாமல் விட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

எப்படி இறந்தாள் என்று எல்லாரும் கேட்கிறார்கள் அக்கா. ஒன்றும் சொல்லாமல் விட்டால் இன்னும் கேட்பார்கள். அன்றைக்குச் சபையாரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்லியிருக்கிறேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கிறிஸ்துமஸுக்கு மாமாவுக்குச் சட்டை எடுத்துக் கொடு. இனிப்பைக் கண்ணில் காட்டாதே.

குமார்


காஞ்சிபுரம்
11 மார்ச் 2024

தம்பிக்கு,

எல்லாரும் நலம். வெயில் இப்போதே ஏறிவிட்டது.

மாமாவும் நானும் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். மாமா வழி முழுவதும் டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். மேல்தளம் போட்டு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். அப்பாதுரை சார் நல்லபடியாக வரவேற்றார். பழக்கமான ஆள்போலப் பேசுகிறார்.

"இதாம்மா லேப் வரப்போற எடம். பாருங்க, இங்கிருந்தே ஏரி தெரியும்" என்று ஜன்னலுக்காக விட்டிருந்த இடைவெளியில் என்னை நிறுத்தினார்.

தெரிந்தது. கரை, மதகு, தூரத்தில் வெள்ளையாக நாரைகள். மாமா என் பக்கத்தில் நிற்காமல் கீழே இறங்கிப் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கீழே வந்து சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று கேட்காதே.

நோட்டீசில் நீ எழுதிய வார்த்தை அப்படியே இருக்கிறது. பார்த்தேன்.

சாருக்கு ஒரே கவலை. "பில்டிங் கட்டிடலாம்மா. பசங்க வரணுமே. தண்ணிய படிச்சா எங்க வேலைன்னு கேக்குறாங்க. ஆள் சேரலன்னா கோர்ஸ நிறுத்திடுவாங்க" என்றார். எனக்கும் ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலைதான். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மணியார்டர் கொடுத்த இடம், பட்டம் வாங்கிய பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று தபால்காரர்களைக் கேட்டால் தெரிந்துவிடும். நான் போய்ப் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பையன்களைத் தமிழில் ஒரு வரியாவது எழுதச் சொல்.

அக்கா


காஞ்சிபுரம்
25 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக மாமாவிடம் சொன்னாயாம். திறப்பு விழாவுக்கு வந்த இரண்டு நாளில் உன்னோடு நின்று பேசவே முடியவில்லை. யாராவது உனக்குச் சால்வை போர்த்திக்கொண்டே இருந்தார்கள். மேடைக்கு வரச்சொல்லி நீ கைகாட்டியதைப் பார்த்தேன். பெயர்ப்பலகையின் துணியை இழுக்கிற நேரத்தில் நான் அங்கே நிற்கக் கூடாது என்று பட்டது. தவறாக எடுத்துக்கொள்ளாதே.

பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். கோர்ஸை நிறுத்தமாட்டார்கள். நெசவுக்காரர் வீட்டுப் பையன்கள் சிலர், விவசாயக் குடும்பத்துப் பெண்கள், மெட்ராசிலிருந்துகூட ஒருவன். நான் வெயிலில் அலைந்ததற்குப் பலன்.

அதில் துளசி என்று ஒருத்தி. திருப்புட்குழி தாண்டி உள்ளே ஒரு காலனி. நம் அப்பா பிறந்த வீடு போலவே ஒரு வீடு. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வாங்கிவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்கிற கம்பெனிக்கு வேன் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்குச் சம்மதமில்லை.

"இன்னாத்துக்குமா இன்னும் படிப்பு? சம்பளம் வந்துக்கினு இருக்குது. அதுவும் ஆஸ்டல்ல போய் இருக்கணுங்கிறீங்க. நம்ம பொண்ணுங்கள அங்கெல்லாம் எப்டி நடத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா?"

"என் பொண்ணு பேர்ல இருக்கிற எடம்பா அது. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

மறுவாரம் அவரே டி.வி.எஸ்.ஸில் பெட்டியை வைத்துக் கொண்டுவந்து விட்டார்.

அகிலா கொடுத்தனுப்பிய போர்வை இந்த ஊர் வெயிலுக்கு எதற்கு என்று மாமா கேட்கிறார். ஆனாலும் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறார்.

அக்கா


பெர்த்
9 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கே மழை என்று செய்தியில் பார்த்தேன், ஏரி நிரம்பிவிட்டதா?

துறை நன்றாக நடப்பதாக அப்பாதுரை சார் எழுதியிருக்கிறார். ஜூன் மாதம் மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் திருப்தியாகப் போனால் பிஎச்.டி. தொடங்க அனுமதி கிடைத்துவிடும். அது வந்தால் நம் வேலை முழுமையாகும்.

ஒன்று கேட்க வேண்டும். நீ முக்கால்வாசி நாள் அங்கே போய்விடுவதாகவும் இருட்டிய பிறகுதான் வருவதாகவும் மாமா சொல்கிறார். எதற்கு என்று அவர் கேட்டால் நீ சொல்வதில்லையாம். மாணவர் சேர்க்கைதான் முடிந்துவிட்டதே. அங்கே உனக்கு என்ன வேலை அக்கா?

குமார்


காஞ்சிபுரம்
18 டிசம்பர் 2024

தம்பிக்கு,

இங்கே நலம். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே போகிறது. அந்தப் பக்கம் இப்போது பஸ் வசதி நன்றாக இருக்கிறது. உட்கார இடம் கிடைக்கிறது.

பிள்ளைகளுக்கு என் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

அக்கா


காஞ்சிபுரம்
16 பிப்ரவரி 2025

தம்பி குமாருக்கு,

நீ கேட்டதற்கு டிசம்பரில் நான் எழுதியது பதிலே இல்லை. இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் துளசியைப் பார்க்கப் போயிருந்தேன். ஆய்வுக்கூடத்துக்குப் படியேறப் போனபோது வாட்ச்மேன் தடுத்தார். புதிதாக வந்தவர். சிட்டிபாபு என்று பெயர், தறியை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"பொழுது போயிடிச்சி, மேல போவாதீங்கமா."

"ஏன்?"

"போர்டுல பேர் போட்டிருக்குது பாருங்க, அந்தப் பொண்ணு மேல இருக்குது. பசங்க பாத்திருக்காங்க. லைட்டு இருக்காது, ஜன்னலாண்ட நின்னுக்கினு இருக்கும். கொழாய்ல தண்ணி உழற சத்தம் கேக்கும், அழுவும். காய்ச்சல்ல செத்துச்சின்னு நோட்டீஸ்ல போட்டுக்கிறாங்க. காய்ச்சல்ல செத்தது ஏம்மா இப்டி அலையணும்?"

எனக்குப் பயம் வரவில்லை குமார். கோபமும் வரவில்லை. பொறாமை வந்தது. நேற்று வந்த பிள்ளைகளுக்குத் தெரிகிறவள் பெற்றவளுக்கு ஏன் தெரியவில்லை? இந்த வீட்டில் அவள் துணி இருக்கிறது, கட்டில் இருக்கிறது. இங்கே ஒரு நாள்கூட வரவில்லையே.

நம் வேதத்தில் இதற்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை அங்கே போனேன். அன்றிலிருந்து போய்க்கொண்டே இருந்தேன். வகுப்புகள் முடிந்ததும் படிக்கட்டுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். மேலே ஒரு சத்தமும் கேட்காது. நான் போகாத நாளில் வந்ததாகப் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். நான் இருக்கிற நாளில் அவள் வருவதில்லை. என்மேல் அவளுக்கு என்ன வருத்தமோ என்று கேட்டுக் கேட்டு என் நெஞ்சு புண்ணாகிவிட்டது. இதை மாமாவிடம் எப்படிச் சொல்வேன்?

போன வாரம், கீழே உட்கார்ந்தால்தானே வரமாட்டாள் என்று, எல்லாரும் கிளம்புமுன்பே மேலே போய் அலமாரிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வெளிச்சம் மங்கியது. கதவு திறந்தது. விளக்கைப் போடாமல் ஒரு பெண் உள்ளே வந்தாள். முதுகில் ஒற்றைப் பின்னல். நேராக ஜன்னலுக்குப் போய் நின்று ஏரியைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்தோடு அழுகையும் கேட்டது.

"நதி" என்றேன்.

அவள் அலறிக்கொண்டு திரும்பினாள். கையிலிருந்த பாட்டில் விழுந்து உருண்டது. துளசி.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவள் பயத்தில், நான் வேறு காரணத்தில். உருண்ட பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

ஆரம்பத்தில் எல்லாரையும்போல ஏரிகளுக்குத் தண்ணீர் எடுக்க அவளையும் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஓர் ஊரில் கோயில் குளத்தில் இறங்கும்போது ஊர்க்காரர் ஒருவர், "இது எந்தத் தெரு பொண்ணு?" என்று கேட்டாராம். அப்பாதுரை சார் பதில் சொல்லாமல் இவளை ஜீப்பில் போய் உட்காரச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வெளியே கூட்டிப் போகவே இல்லை. மற்றவர்கள் கொண்டுவரும் பாட்டில்களைக் கழுவிவைப்பதுதான் இவள் வேலை. இவள் எழுதிக் கொடுத்த ஆய்வுத் தலைப்பு இன்னொருவனுக்குப் போய்விட்டது. எந்தத் தெருப் பெண் என்பது பரவியபின் ஹாஸ்டலில் இவளோடு அறையில் இருந்தவள் மாறிக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்குமாம்.

"நதியா அக்காவோட பேய்னு பசங்க பயந்துக்கினாங்கமா. அதுவும் நல்லதுக்குதான்னு உட்டுட்டேன். யாரும் மேல வரமாட்டாங்கல்ல, நிம்மதியா அழுவலாம். அக்கா பேர்ல ஒளிஞ்சிக்கினு இருந்தேன்."

"உங்கப்பா கிட்ட சொன்னியா?"

"இல்லமா. நாளைக்கு ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன். காய்ச்சல்னு லீவ் லெட்டர் குடுத்துட்டேன்."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

அன்றே அவளைக் கூட்டிப் போய் அவள் வீட்டில் விட்டேன். மறுநாள் அப்பாதுரை சாரிடம் கேட்டேன். "ஊர் ஒத்துழைப்பு இல்லாம ஆராய்ச்சி பண்ண முடியுமாம்மா? நான் அந்தப் பொண்ணுக்குக் கெடுதல் ஒண்ணும் பண்ணலையே. லேப்ல பத்திரமாத்தானே வெச்சிருந்தேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நீ பேச வேண்டும் குமார். உன் பேச்சை அங்கே கேட்பார்கள்.

அக்கா


பெர்த்
8 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து ரொம்பக் கலங்கிவிட்டேன். முதலில் நீ ஒரு நல்ல டாக்டரைப் பார். நான் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அப்பாதுரை சாரிடம் பேசினேன். அவர் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் நிலைமையையும் யோசி. ஜூனில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. இப்போது புகார், விசாரணை என்று எழுந்தால் பிஎச்.டி. அனுமதி போய்விடும். என் பங்காளிகளில் ஒருவர் ஏற்கெனவே தயங்குகிறார். நாளைக்கு நூறு பிள்ளைகள், அதில் நம் பிள்ளைகளும் எத்தனையோ பேர், படிக்கப்போகிற இடம். ஒரு பெண்ணுக்காக அதை ஆட்டிவைக்கலாமா? ஜூன்வரைக்கும் துளசியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல். அதற்குப் பிறகு நானே முன்னின்று சரிசெய்கிறேன். என்மேல் நம்பிக்கை வை.

அகிலா உன்னை விசாரித்தாள்.

குமார்


காஞ்சிபுரம்
24 மார்ச் 2025

குமார்,

நலம். டாக்டரைப் பார்த்தேன். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாய். நதியாவுக்கும் அங்கே அதையேதான் சொன்னார்கள். அவளுடைய கைடும் அவளைப் பத்திரமாகத்தான் ஓர் அறையில் உட்கார வைத்திருந்தார். அங்கேயும் ஏதோ ஒரு குழு வருவதாக இருந்தது.

அவள் காய்ச்சலில் சாகவில்லை. அவளாகவே போய்ச் சேர்ந்தாள். உனக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் சபைக் கல்லறையில் இடம் கொடுப்பார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் நீங்கள் இருவரும் அந்தக் காய்ச்சலைச் சொன்னீர்கள். என் பிள்ளை மண்ணுக்குள் நிம்மதியாகப் போக வேண்டுமே என்று நீங்கள் செய்தது. அதற்கு உங்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அங்கே அவளை அப்படி ஆக்கியவர்களுக்கும் அந்தக் காய்ச்சல் வசதியாகப் போய்விட்டது, பார்த்தாயா? யாரும் எதற்கும் பதில் சொல்லவில்லை.

துளசியும் அவள் அப்பாவும் நானும் துணைவேந்தரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டோம். மாமாவும் கையெழுத்துப் போட்டார். "இப்பவாச்சும் போடுறேன்" என்றார்.

உன் பணத்தைப் பற்றி நான் பேசவில்லை. அது உன்னுடையது. பெயர் என் பெண்ணுடையது. துளசிக்கு நியாயம் கிடைக்காவிட்டால் அதை அந்தக் கட்டடத்திலிருந்து இறக்கிவிடு. அவள் பெயருக்குக் கீழே இன்னொரு பெண் இருட்டில் நின்று அழக் கூடாது.

அக்கா


பெர்த்
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதத்துக்கு மேலாயிற்று. எழுத உட்கார்ந்து எழுந்து போன நாட்கள் உண்டு.

உன் கடிதம் வந்த வாரம் அதை அகிலா கையில் கொடுத்தேன். அவளும் இத்தனை நாள் காய்ச்சல் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். படித்துவிட்டு, "எங்கிட்டகூடவா?" என்று மட்டும் கேட்டாள். பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அப்பா ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொன்னேன். சின்னவன் எழுந்து வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டான். அப்படி உட்காருகிற வயசெல்லாம் தாண்டிவிட்டான்.

துணைவேந்தரிடம் பேசிவிட்டேன். வெளியாட்களை வைத்து விசாரிக்கும்வரை எங்கள் பணம் வராது என்று எழுத்தில் கொடுத்தேன். விசாரித்தார்கள். அப்பாதுரையை அவருடைய பழைய துறைக்கே அனுப்பிவிட்டார்கள். அதற்குமேல் அவர்மீது நடவடிக்கை இல்லை. நீ இதற்குத் திருப்திப்படமாட்டாய், எனக்கும் திருப்தியில்லை. துளசியின் தலைப்பு அவளுக்கே திரும்பிவிட்டது. சந்தியா என்ற இளம் ஆசிரியை அவளுக்கு கைடு. மதிப்பீட்டுக் குழுவின் வருகை தள்ளிப்போய்விட்டது. பிஎச்.டி. இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷமும் சந்தேகம். பங்காளிகளில் ஒருவர் விலகிக்கொண்டார். சிறிய அளவில்தான் நடத்த முடியும், ஆனால் நடத்துவோம்.

நோட்டீசை மாற்றி எழுதியிருக்கிறேன். 'ஆய்வு மாணவியாக இருந்தபோது சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டு, தன் உயிரைத் தானே விட்ட நதியா.' இந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதியபின் அன்றைக்குத்தான் அவளை அடக்கம் செய்ததுபோல இருந்தது.

பெயர் இருக்கட்டுமா, இறக்கிவிடட்டுமா? நீ சொல்கிறபடி.

அக்டோபரில் நாங்கள் எல்லாரும் வருகிறோம். வரலாம்தானே?

குமார்


காஞ்சிபுரம்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பி குமாருக்கு,

வா. இதையெல்லாம் கேட்டுக்கொண்டா வருவார்கள்? இங்கே நலம். சபையில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போதகர் ஐயர் மட்டும் வீட்டுக்கு வந்து, நோட்டீசைப் படித்ததாகச் சொல்லி, அவளுக்காக ஜெபித்துவிட்டுப் போனார். மாமா அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதார். நான் தடுக்கவில்லை.

துளசி படிப்பைத் தொடரத் துறைக்கே திரும்பிப் போய்விட்டாள். முதல் நாள் அவளோடு நானும் போனேன். சந்தியா என்னை வகுப்பிலேயே உட்காரவைத்து, பிள்ளைகளிடம் நதியாவைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். எப்படி இறந்தாள் என்று மறைக்காமல் சொன்னேன். பிறகு எப்படி இருந்தாள் என்றும் சொன்னேன். கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள், ஆனால் முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்குவாள் என்றபோது ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிங்கமா" என்றேன். துளசியின் அறையிலிருந்து மாறிப்போனவள் அன்றைக்குத் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

அந்தக் கோயில் குளத்துக்கும் போனார்கள். அதே ஆள் வந்து அதே கேள்வியைக் கேட்டாராம். சந்தியா, "இவங்க எங்க யூனிவர்சிட்டி பொண்ணு. இவங்கதான் எறங்குவாங்க. தண்ணி எடுக்க கலெக்டர் ஆபீஸ் பர்மிஷன் இருக்குது, பாக்குறீங்களா?" என்றிருக்கிறாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே நின்றாராம். துளசி இறங்கித் தண்ணீர் எடுத்தாள். பயமாக இருந்தது என்று என்னிடம் சொன்னாள். பயந்தால் என்ன, எடுத்துவிட்டாளே.

பெயர் இருக்கட்டும். துளசியைக் கேட்டேன், "எடுத்துடாதீங்கமா" என்றாள். எனக்கும் இப்போது அதைப் படிக்க முடிகிறது.

போன வாரம் சாயங்காலம் ஒரு முறை போனேன். ஆய்வுக்கூடத்தில் விளக்கெல்லாம் எரிகிறது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். சிட்டிபாபுவுக்கு இப்போது என்னைத் தெரியும். எழுந்து நின்று, ஒரு மாதிரி தயங்கி, "இப்பல்லாம் ஒண்ணுமில்லமா. அது போயிடிச்சி. யாரு கண்ணுலயும் படறதில்ல" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

"நல்லதுபா" என்றேன். துளசி மேலேயிருந்து கையாட்டினாள். நானும் ஆட்டினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னால் அடக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அது துளசி என்று எனக்குத் தெரியும் குமார். பிப்ரவரியிலிருந்தே தெரியும். தெரிந்த பிறகும், எல்லா நாளுமா துளசியாக இருந்திருப்பாள் என்று மனசின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டிருந்தேன். இனி அதுவும் இல்லை.

அகிலாவையும் பிள்ளைகளையும் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வா. ஓட்டலில் எல்லாம் தங்க வேண்டாம். நதியாவின் அறையைத் திறந்து பெருக்கி, மெத்தைக்குப் புது உறை போட்டு வைத்திருக்கிறேன். பையன்கள் அங்கே படுத்துக்கொள்ளட்டும். பயப்பட வேண்டாம் என்று சொல். அங்கே யாரும் வருவதில்லை.

உன் அக்கா
கலையரசி